இரைப்பைப் பட்டை: எடை குறைக்கும் அறுவை சிகிச்சை

பட்டை வேலை செய்யும் விதம்

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றிப் பொருத்தப்படும் சிலிக்கோன் வளையமே இரைப்பைப் பட்டை. பட்டைக்கு மேலே 15 முதல் 30 மி.லி. மட்டுமே கொள்ளும் சிறு பை உருவாகிறது. சில கவளங்களிலேயே அது நிறைந்துவிட, அங்குள்ள நரம்புகள் வயிறு நிரம்பிய உணர்வை மூளைக்குத் தெரிவிக்கின்றன. இரைப்பை வெட்டப்படுவதில்லை, குடல் மாற்றி இணைக்கப்படுவதும் இல்லை. தேவைப்பட்டால் பட்டையைக் கழற்றிவிடலாம்.

வளையத்தின் உட்புறம் ஒரு பலூன் உண்டு. அதிலிருந்து செல்லும் மெல்லிய குழாய், வயிற்றுத் தோலுக்கு அடியில் தசைமேல் தைக்கப்பட்ட சிறு போர்ட்டில் முடிகிறது. மருத்துவர் தோல் வழியாகப் போர்ட்டில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினால் பட்டை இறுகும். உறிஞ்சி எடுத்தால் தளரும். போர்ட்டின் மூடி கிழியாதபடி முனை அமைந்த தனி ஊசியே இதற்குப் பயன்படுகிறது.

வளர்ந்த கதை

அமெரிக்க அறுவை மருத்துவர் லுபோமிர் குஸ்மாக் 1986-ல் இத்தகைய பட்டையைப் பொருத்தினார். அப்போது வயிற்றைத் திறந்தே இது செய்யப்பட்டது. எத்தியோப்பியாவில் பிறந்த மிதிகு பெலாச்சூ, 1993-ல் பெல்ஜியத்தின் ஹூய் நகரில், சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் பட்டையைப் பொருத்தினார். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2001-ல் இதற்கு அனுமதி அளித்தது.

யாருக்கு ஏற்றது?

உடல் நிறை குறியெண் (பி.எம்.ஐ.) 40-க்கு மேல் உள்ளவர்களுக்கும், 35-ஐத் தாண்டி நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத்திணறல் போன்றவை உள்ளவர்களுக்கும் எடைகுறைப்பு அறுவை சிகிச்சை செய்யலாம் என்பது 1991-ல் வகுக்கப்பட்ட வரையறை. 2022-ல் வெளியான புதிய வழிகாட்டுதல், பி.எம்.ஐ. 35-ஐ எட்டினாலே இணைநோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம் என்கிறது. ஆசியர்களுக்கு இந்த வரம்பு 27.5.

சிகிச்சைக்குப் பிறகு

முதல் இரண்டு வாரங்கள் திரவ உணவு, பிறகு மசித்த உணவு, அதன்பின் திட உணவு எனப் படிப்படியாக மாற வேண்டும். வழக்கமாக 4 முதல் 6 வாரங்கள் கழித்தே முதல்முறை உப்புநீர் ஏற்றப்படும். பசி எந்த அளவில் அடங்குகிறது, உணவு தடையின்றி இறங்குகிறதா என்று பார்த்துப் பார்த்தே அளவு கூட்டப்படும்.

சாப்பாட்டை நன்றாக மென்று, நிதானமாக விழுங்க வேண்டும். பிரெட், நார் மிகுந்த இறைச்சி போன்றவை பட்டையில் அடைத்துக்கொள்ளலாம். சாப்பிடும்போதே தண்ணீர் குடிப்பதைத் தவிர்ப்பது நல்லது. ஐஸ்கிரீம், மில்க் ஷேக், சர்க்கரை போட்ட பழச்சாறு ஆகியவை பட்டையைச் சுலபமாகக் கடந்துவிடும். இவற்றையே நாடுகிறவருக்கு எடை குறையாது.

எவ்வளவு எடை குறையும்?

மிகை எடையில் ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் வரை, இரண்டு மூன்று ஆண்டுகளில் படிப்படியாகக் குறையலாம். 70 கிலோ இருக்க வேண்டியவர் 120 கிலோ இருந்தால் மிகை எடை 50 கிலோ. அதில் 20 முதல் 25 கிலோ குறையும் என எதிர்பார்க்கலாம். தொடர்ந்து மருத்துவரிடம் சென்று பட்டையைச் சரிசெய்துகொள்பவர்களுக்கே இந்தப் பலன் நிலைக்கிறது.

சிக்கல்கள்

அறுவை சிகிச்சையின்போது ஆபத்து குறைவுதான். தொல்லைகள் பெரும்பாலும் ஆண்டுகள் கழித்தே தலைகாட்டுகின்றன. பட்டை இடம் நழுவலாம். மேல் பை உப்பிப் பெரிதாகலாம். பட்டை இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே புகலாம். அளவுக்கு மீறி இறுக்கினால் உணவுக்குழாய் விரிவடையும். போர்ட்டில் தொற்று, குழாயில் கசிவு ஆகியவையும் ஏற்படுவதுண்டு.

அமெரிக்காவில் பட்டை பொருத்திக்கொண்ட சுமார் 25,000 மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு) பயனாளிகளை ஆராய்ந்து 2017-ல் வெளியான ஆய்வில், 18.5 சதவீதம் பேருக்கு மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது தெரியவந்தது. எடை குறையும் அளவும் மற்ற முறைகளைவிடக் குறைவு. இதனால் 2011-ல் அந்நாட்டின் எடைகுறைப்பு அறுவை சிகிச்சைகளில் மூன்றில் ஒரு பங்காக இருந்த பட்டை, 2019-க்குள் 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கும் ஸ்லீவ் முறை அந்த இடத்தைப் பிடித்தது.

பட்டை பொருத்தியவர்கள் கவனிக்க

எடை குறைந்து உடல் நலமாக இருந்தாலும் ஆண்டுதோறும் பரிசோதனை தேவை. கர்ப்ப காலத்தில் பட்டையைத் தளர்த்த வேண்டி வரலாம் என்பதால் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஓயாத வாந்தி, தண்ணீர்கூட இறங்காமை, கடும் வயிற்றுவலி, புதிதாகத் தோன்றும் இரவு நேர இருமலும் நெஞ்செரிச்சலும், போர்ட் உள்ள இடத்தில் சிவந்து வீங்குதல் ஆகியவை பட்டையில் கோளாறு இருப்பதற்கான அறிகுறிகள். முதல் மூன்றும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை. மற்றவற்றையும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.