விடுப்பு எடுக்க முடியாத தாய்

சம்பா நடவு தொடங்கிவிட்டால் நெடுங்காடு, திருநள்ளாறு பக்கத்துக் காலனித் தெருக்களில் விடியும் முன்பே பெண்கள் கிளம்பிவிடுவார்கள். கையில் தூக்குவாளி, தலையில் சுற்றிய துண்டு. தெருவுக்கு ஒரு வீட்டில் மட்டும் ஒருத்தி கிளம்பமாட்டாள். பன்னிரண்டு வயதாகியும் தானாக எழுந்து உட்கார முடியாத பிள்ளை உள்ளே படுத்திருக்கும். குளிப்பாட்ட, ஊட்ட, துணி மாற்ற, வலிப்பு வந்தால் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த ஆள் அவள்தான். வயதான மாமியார் ஒரு நாள் பார்த்துக்கொண்டால் அன்றைக்கு நடவுக்குப் போவாள். இல்லையென்றால் அன்றைய கூலி போனது போனதுதான். கணக்கெடுக்க வருகிறவர் அவள் பெயருக்கு நேரே 'வேலை இல்லை' என்று எழுதிக்கொண்டு போவார்.

இதே காரைக்காலில் அரசு வேலையில் இருக்கும் ஒரு தாய்க்கு இப்படி ஒரு பிள்ளை இருந்தால் நிலைமை வேறு. புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கு மத்திய அரசின் பணி விதிகளே பொருந்தும். அந்த விதிகளின்படி பிள்ளை பராமரிப்புக்காகப் பணிக்காலம் முழுவதிலும் சேர்த்து 730 நாள் விடுப்பு உண்டு. மாற்றுத்திறனாளிப் பிள்ளை என்றால் வயது வரம்பும் கிடையாது. இந்த விதியை ஏற்காத இமாசலப் பிரதேச அரசுக்கு எதிராக, எலும்பு எளிதில் முறியும் பிறவிக் கோளாறுள்ள மகனை வளர்க்கும் கல்லூரி உதவிப் பேராசிரியர் ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார். 2024 ஏப்ரல் 22-ல் தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு, இந்த விடுப்பு அரசு போடும் தயவு அல்ல, அரசியல் சட்டக் கடமை என்று சொன்னது. பெண்கள் வேலையை விட்டு வெளியேறும்படி ஆகிவிடக் கூடாது என்பது நீதிமன்றத்தின் கவலை.

அந்தத் தாய் போராடி வாங்கியதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. விடுப்பு என்பது மாதச் சம்பளம் இருப்பவருக்குத்தான் பொருள்படும். நாற்றுக்கட்டு தூக்குகிறவளுக்கு எதிலிருந்து விடுப்பு கொடுப்பது? அவளுக்காகச் சட்டத்தில் எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. அவளிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பராமரிப்பாளர் யார் என்று வரையறுக்கிறது. பெற்றோரும் குடும்பத்தாரும் சம்பளம் வாங்காமல் பார்த்தாலும் அவர்கள் பராமரிப்பாளர்களே. பிரிவு 24, அதிக உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகைத் திட்டம் வகுக்கும்படி அரசுக்குச் சொல்கிறது. அதே பிரிவில் இன்னொரு வரியும் உண்டு: மற்றவர்களுக்கான அதே மாதிரித் திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிக்குத் தரும் தொகை குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும். மாணவர்கள் தங்கள் தெருவில் யார் யாருக்கு எந்த உதவித்தொகை எவ்வளவு வருகிறது என்று விசாரித்து, இந்த 25 விழுக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

'அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு' என்றும் அதே பிரிவு சொல்கிறது. அரசுகள் நழுவும் கதவு அது. மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்து, 80 விழுக்காடு பாதிப்பும் இருந்தால் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். 2012-ல் நிர்ணயித்த தொகை. அதுவும் 18 வயது ஆனவர்களுக்கு மட்டும். நாம் மேலே பார்த்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதில் வரவே வராது. மாநில, யூனியன் பிரதேச அரசுகள் தங்கள் பணத்தைச் சேர்த்துத் தருவதால்தான் தொகை கொஞ்சமாவது தேறுகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.21 விழுக்காடு. அட்டவணை இனத்தவரிடையே அது 2.45. வித்தியாசம் சிறியதாகத் தெரியலாம். கர்ப்ப காலத்தில் சத்துக் குறைவு, பிரசவத்தில் தாமதம், ஆபத்தான வேலை என்று அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருப்பவை நம் தெருக்களுக்குப் புதிதல்ல.

ஆனால் மருத்துவக் குழு கொடுக்கும் சான்றில் உடம்பு மட்டும்தான் இருக்கும். எழுபது விழுக்காடு என்றால் எழுபது. சக்கர நாற்காலி போக முடியாத மண் சந்து அதில் வராது. வீட்டுக்குள் கழிப்பறை இல்லாததும் வராது. காரைக்காலில் முடியாத சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மருக்கு எழுதிக் கொடுத்தால், தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டிச் சுமார் 130 கிலோமீட்டர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். துணைக்கு ஒருவர் வந்தால் இரண்டு பேர் கூலி போய்விடும். இதையெல்லாம் எந்த விழுக்காட்டில் சேர்ப்பது?

சாதி, பெண், மாற்றுத்திறன் மூன்றும் ஒரே உடம்பில் சேரும்போது பாதிப்பைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரல் 27-ல் பட்டான் ஜமால் வலி வழக்கில் விரிவாக எழுதியது. ஆந்திராவில் பிறவியிலேயே பார்வையற்ற அட்டவணை இன இளம்பெண் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வழக்கு அது. குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை உறுதியானது. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனை நிற்கவில்லை. அன்றைக்கு இருந்த சட்ட வாசகத்தின்படி, சாதி காரணமாகவே குற்றம் நடந்தது என்பதற்குத் தனி ஆதாரம் இல்லை என்று ஆனது. அவ்வளவு நல்ல விளக்கம் எழுதிய தீர்ப்பிலேயே நமக்கு இந்த முடிவு. பாதிக்கப்பட்டவரின் சாதி தெரிந்து செய்தாலே போதும் என்று அந்த வாசகம் மாறியது 2016 ஜனவரி 26 முதல்தான்.

காரைக்காலில் எல்லைப் பிரச்சினை வேறு. தரங்கம்பாடியிலிருந்தும் நாகூரிலிருந்தும் இங்கே வாழ்க்கைப்பட்டு வருகிற பெண்கள் ஏராளம். 1964 மார்ச் 5-ம் தேதி அட்டவணை இன ஆணையை ஒட்டி, இங்கே 'பூர்வீகம்', 'குடிபெயர்ந்தவர்' என்ற பிரிவினை உண்டு. அங்கே அட்டவணை இனமாக இருந்தவர் இங்கே வந்ததும் சலுகைக்கு அலைய வேண்டியிருக்கிறது. மாற்றுத்திறனாளிச் சான்றுக்கு இந்தப் பிரிவினை கிடையாது. எந்த மாநிலத்தில் வாங்கியிருந்தாலும் நாடு முழுவதும் செல்லும் என்று பிரிவு 58 சொல்கிறது. உதவித்தொகை மட்டும் குடியிருப்பைப் பொறுத்தது. ஆகவே கல்யாணமாகி வந்த பெண்ணிடம் பழைய சான்று இருந்தால் தூக்கிப் போட வேண்டாம்.

இதில் எனக்கு உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. தன் பிள்ளையைப் பார்த்தால் காசில்லை என்பதால், நம் பெண்கள் சிலர் டவுனில் படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறார்கள். மலம் அள்ளவும் உடம்பு துடைக்கவும் அந்தக் கை வேண்டும். அதே கை அடுப்படிக்குள் வருவதை விரும்பாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. வேலை நேரம், வார விடுமுறை எதற்கும் எழுத்து இல்லை. வீட்டு வேலையாட்களுக்குத் தனிச் சட்டம் தேவையா என்று ஆராய ஒரு குழு அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் சொன்னதே 2025 ஜனவரியில்தான்.

சரி, அந்தத் தாய் இப்போது என்ன செய்யலாம்? பிரிவு 38-ஐப் பிடிக்க வேண்டும். 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் பாதிப்புச் சான்று உள்ள யாரும், தனக்கு அதிக உதவி தேவை என்று மனு கொடுக்கலாம். மனுவை மதிப்பீட்டுக் குழுவுக்கு அனுப்ப வேண்டியது அதிகாரியின் கடமை. எந்த மாதிரி உதவி தேவை என்று குழு எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் சார்பில் வேறு எந்த நபரும், அமைப்பும்கூட மனு கொடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. இது முக்கியம். புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல். அப்போது வந்தவர்களின் காலம் 2011-லேயே முடிந்துவிட்டது. மனுவை எடுத்துக்கொண்டு கொம்யூன் அலுவலகப் படி ஏற வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இல்லாத ஊரில், கல்லூரியில் படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளை அதைச் செய்யலாம்.

மனுவில் நோயின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். இரவில் எத்தனை முறை புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள், ஒரு வேளைச் சோறு ஊட்ட எவ்வளவு நேரம் ஆகிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எழுதுங்கள். மறுப்பு வந்தால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் போக அந்தத் தாள் வேண்டும். தாய்க்குத் தொழில் என்ன என்ற இடத்தில் விவசாயக் கூலி என்றே போடுங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொண்டதால் இந்தப் பருவத்தில் எத்தனை நாள் நடவுக்குப் போகவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆள் கட்டிக்கொண்டு போகிறவரின் நோட்டில் அந்தக் கணக்கு இருக்கும்.