தட்டில் சோறு, நோட்டில் பாக்கி

மழை பிடித்துக்கொண்டால் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச்சத்தம் அடங்கிவிடும். தறிக்குழியில் ஈரம் ஊறும். பட்டு இழை ஒட்டும், அறும். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட முடியாது. நெசவாளருக்குக் கூலி நாளுக்கு இல்லை, புடவைக்கு. கோர்வைப் புடவை என்றால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓடவேண்டும், பக்கத்தில் துணைக்கு இன்னொருவர் உட்காரவேண்டும். முடிய வாரக்கணக்கில் ஆகும். அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கணக்கு. அதுவரை அடுப்பெரிய முதலாளியிடம் முன்பணம். நோட்டில் அது பாக்கி என்று ஏறும். பாக்கி தீராமல் வேறு முதலாளிக்கு நெய்யப் போவது லேசில் நடக்காது.

இப்படி ஒரு வீட்டுக்கு அரசின் நுகர்வுச் செலவு ஆய்வுக்காக ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். அரிசி எத்தனை கிலோ, எண்ணெய் எவ்வளவு, பள்ளிக்கூடச் செலவு, மருந்து, செல்போன் ரீசார்ஜ் என்று வரிசையாகக் கேட்பார். கூலியில் வாங்கிய அரிசியா, முன்பணத்தில் வாங்கிய அரிசியா என்பது அந்தக் கணக்குக்குத் தேவையில்லை. அரிசி அரிசிதான்.

உலக வங்கி இந்தியாவின் வறுமை பற்றிச் சொல்லும் எண் இந்த ஆய்விலிருந்துதான் பிறக்கிறது. 1990இல் அது நாளுக்கு ஒரு டாலர் என்று கோடு கிழித்தது. நகர்ந்து நகர்ந்து 2025 ஜூனில் அந்தக் கோடு 3 டாலருக்கு வந்தது. இது வங்கியில் மாற்றுகிற டாலர் அல்ல. ஒரு நாட்டில் அதே பொருளை வாங்க எவ்வளவு ஆகும் என்று பார்த்துக் கணக்கிடும் டாலர். நம் ஊரில், 2021 விலையில், ஆளுக்கு ஏறத்தாழ 60 ரூபாய். அதற்குக் கீழே வாழ்ந்த இந்தியர்கள் 2011-12இல் நூற்றுக்கு 27 பேர். 2022-23இல் 5 பேர் சொச்சம். பெரிய இறக்கம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

வருமானத்தைக் கேட்காமல் செலவைக் கேட்பதற்கு நல்ல காரணமும் இருக்கிறது. நெசவாளரிடம் சம்பளச் சீட்டு கிடையாது. ஒரு மாதம் கை நிறையும், அடுத்த மாதம் காலி. சாப்பாடோ அப்படி ஏறி இறங்குவதில்லை. அதனால் அதுவே நம்பகமான அளவுகோல் என்பது பொருளாதார நிபுணர்களின் வாதம். ஆனால் சாப்பாடு ஏன் ஏறி இறங்குவதில்லை? நடுவில் கடன் புகுந்து பள்ளத்தை நிரப்புவதால்தான். அளவுகோலின் பலமாக அவர்கள் சொல்வது எதுவோ, அதற்குள்ளேயே பாக்கி ஒளிந்துகொள்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இங்கே கடனை ஆராயும் வேலை நூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1890களில் சென்னை மாகாண அரசு ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பிய விவசாய வங்கிகளை ஆராய அனுப்பியது. ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் கிராமத்தாரே ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்று கடன் கொடுத்துக்கொள்ளும் சங்கங்களை நடத்திக் காட்டியிருந்தார். அப்படி ஓர் ஆள்தான் இங்கே தேவை என்று அறிக்கையை முடித்தார் நிக்கல்சன். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அந்தச் சட்டத்தின் கீழ் இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது. பதிவான ஊர், காஞ்சிபுரம்.

வெளிநாட்டுக் கடன் நிறுவனங்கள் இந்தக் கடன் விஷயத்துக்கு வந்துசேரப் பல பத்தாண்டுகள் ஆயின. 1989இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. 2005இல் உலக வங்கிக் கடனில் தமிழக அரசின் ‘புது வாழ்வு’ திட்டம் வந்தது. அதில் யார் ஏழை என்பதைச் சென்னையிலிருந்து பட்டியல் போட்டு அனுப்பவில்லை. ஊர் மக்களே ‘மக்கள் நிலை ஆய்வு’ நடத்தி வீடு வீடாகப் பேசி முடிவெடுத்தார்கள். கிராம சபை ஒப்புதல் கொடுத்தது. பிறகு உலக வங்கி ஆய்வாளர்கள் திட்டம் நடந்த ஊர்களையும் நடக்காத ஊர்களையும் ஒப்பிட்டபோது கண்ணில் பட்ட மாற்றங்களில் முக்கியமானது, கூடுதல் வட்டிக் கடன் குறைந்ததுதான்.

கடன் வயிற்றோடு நிற்பதில்லை என்பதற்கும் பக்கத்து மாவட்டங்களிலிருந்தே ஒரு சான்று வந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை கரும்பு விவசாயிகள் 464 பேரை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் குழுவினர் ஆராய்ந்தார்கள். கரும்புக்கு வருடத்தில் ஒரு தடவைதான் பணம் வரும். அறுவடைக்கு முன் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள்; பின்னால் 4 சதவீதம். விடுபட்ட படத்துண்டைக் கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தபோது, அதே ஆள் அறுவடைக்கு முன் தடுமாறினார், பணம் வந்தபின் சரியாகச் செய்தார். 2013இல் ‘சயன்ஸ்’ இதழில் இது வெளியானதும் புள்ளிவிவர முறையைக் குறைசொல்லிச் சிலர் எழுதினார்கள். குழு பதில் சொன்னது. உலக வங்கி தன் 2015 வளர்ச்சி அறிக்கையில் இந்த ஆய்வை எடுத்தாண்டது. ஒரு கோர்வை பிசகினால் புடவை விலை போகாது என்ற நிலையில் தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பாக்கியைக் கேட்கும் ஆய்வும் இந்தியாவில் உண்டு. அகில இந்தியக் கடன் மற்றும் முதலீட்டு ஆய்வு என்று பெயர். சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும். 2019இல் ஒன்று நடந்தது. நுகர்வுச் செலவு ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கும் வீடுகள் வேறு, இதற்குத் தேர்ந்தெடுக்கும் வீடுகள் வேறு.