இரண்டு வாரம் ஆறாத புண்

சத்துணவில் காரம் பட்டாலே வாய் எரிகிறது என்று தட்டை ஒதுக்கும் மாணவர் நம் வகுப்பில் இருக்கலாம். பாக்கு, பான் மசாலா மெல்லும் பழக்கத்தால் வாயின் உட்தோல் நார்போல் இறுகத் தொடங்கியதன் அடையாளமாக அது இருக்கக்கூடும். தம் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடியாவிட்டால் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இந்நிலை பின்னாளில் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு உண்டு.

வாய்ப்புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி வந்த பிறகே மருத்துவரிடம் செல்வதால் பலர் காலம் கடந்து வருகின்றனர். ஆனால் வாய், கண்ணால் பார்க்கக்கூடிய இடம். பல் மருத்துவர் உதடு, கன்னத்தின் உட்புறம், ஈறு, அண்ணம் ஆகியவற்றைப் பார்ப்பார். நாக்கைத் துணியால் பிடித்து அதன் ஓரங்களையும் அடிப்பகுதியையும் கவனிப்பார். விரலால் தடவித் தடிப்பையும், கழுத்தில் நெறிக்கட்டியையும் தேடுவார். சில நிமிடங்களே ஆகும்.

துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் ஆகியவை எச்சரிக்கைகள். கூரான பல் குத்தியதால் வந்த புண் எனில், மருத்துவர் அக்கூரை மழுக்கிவிட்டு இரண்டு வாரம் கழித்து மீண்டும் பார்ப்பார். அப்போதும் ஆறாவிட்டால் திசுப் பரிசோதனை அவசியம். மரத்துப்போக ஊசி போட்டு, சிறு துண்டுச் சதையை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வார்கள். நோய் உண்டா இல்லையா என்பதை உறுதிசெய்வது இதுவே. 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்ற அச்சத்தில் இதைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. திட்டுகள் எல்லாமே புற்றுநோய் அல்ல என்பதையும் நினைவில் கொள்வோம்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைச் சோதித்தனர். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005இல் முடிவு வெளியானது.

பள்ளியைச் சுற்றி 100 கஜத்திற்குள் புகையிலை விற்கக் கூடாது என்கிறது 2003ஆம் ஆண்டுச் சட்டம். விற்பதைக் கண்டால் தலைமையாசிரியர் வழியே புகார் அளிக்கலாம். மாணவரிடம் இப்பழக்கம் தெரிந்தால் வகுப்பின் முன் கேட்க வேண்டாம். கேட்டால் அவர் மறைக்கவே செய்வார். தனியே அழைத்துப் பேசி, பெற்றோருடன் அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்கு அனுப்புவோம். வெற்றிலை பாக்குடன் புகையிலை போடும் பெற்றோருக்கும், நம்முடன் பணிபுரிவோருக்கும் இதே சொல் பொருந்தும்.