கோசா இளைஞரின் சடங்கு

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில் வாழும் கோசா மக்களிடையே, வயது ஏறியதனால் மட்டும் ஒருவன் ஆண்மகன் ஆகிவிடுவதில்லை. 'உல்வாலுகோ' என்னும் சடங்கை முடிக்காதவன் நரைத்த பின்னும் சிறுவனே! பெரியோர் கூடுமிடத்தில் அவன் சொல் எடுபடாது.

சடங்குக்குரிய இளைஞர் ஊருக்கு வெளியே குடிசையில் சில வாரங்கள் தங்குவர். விருத்தசேதனம் மயக்க மருந்தின்றி நடைபெறும். முகம் சுளிக்காமல், "நான் ஆண்மகன்" என்று முழங்க வேண்டும். 1934-இல், தம் 16-ஆம் வயதில் இச்சடங்கை ஏற்ற நெல்சன் மண்டேலா, தம் குரல் மற்றவர்களைவிடத் தாமதித்தே எழுந்ததென்றும், அதற்காக வெட்கினாரென்றும் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். அத்தனை பெரிய மனிதர் இதை மறைக்காதது நமக்கு வியப்பே. பின்னர், உடலெங்கும் வெண்களிமண் பூசிய இளைஞர்கள் பெரியோரிடம் குல மரபும் ஒழுக்கமும் கற்பர். முடிவில் ஆற்றில் நீராடிப் புதுப் போர்வை போர்த்துவர். குடிசைக்குத் தீ வைக்கப்படும். அதைத் திரும்பிப் பார்க்கலாகாது. (மண்டேலா பார்த்துவிட்டாராம்!)

பெண்கள் அங்கே செல்லக் கூடாது. பெற்ற தாயும் வீட்டில் காத்திருக்க வேண்டியதுதான். மகன் திரும்பும் நாளில் பெண்கள் குலவையிட்டு வரவேற்பர். ஆனால் தேர்ச்சியற்றவர் கத்தியாலும், குடிநீர் மறுக்கப்பட்டதாலும் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் மாண்டுள்ளனர். 16 வயது நிரம்பாதவரைச் சேர்க்கலாகாது, மருத்துவச் சோதனை முன்னரே வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அதன் பின்னரும் சில வீடுகளில் குலவை ஒலிக்கவில்லை.