காட்டுவழிக்கு ஒரு பொதி

கதிர்காமத்துக்கு நடந்து போவதென்று முடிவு செய்த நாள் முதலாக என் வீட்டு விறாந்தையில் ஒரு குவியல் வளரத் தொடங்கிற்று. கம்பளி, புதுச் சப்பாத்து, நான்கு சாரம், மண்ணெண்ணெய் அடுப்பு, மருந்துப் பெட்டி, இரண்டு டோர்ச் லைட், மூன்று நூல்கள். எடுத்து வைத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. முதுகுப் பையில் அடைத்து நிறுத்துப் பார்த்தேன்: 17 கிலோ. என் உடல் நிறையோ 60 கிலோ. இத்தனையும் ஒரு பைக்குள் அடங்கியதை எண்ணி அன்று நான் மகிழ்ந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பொத்துவில், பாணமை வழியாக உகந்தை முருகன் கோயில் வரை அப்பொதியைப் பேருந்தே சுமந்தது. அதற்கப்பால் குமண, யால காடுகள். ஐந்தாறு நாள் நடை; வழியில் கடை கண்ணி கிடையாது. ஆடி விழாவையொட்டிச் சில நாள்களுக்கு மட்டுமே யாத்திரிகருக்கு அவ்வழி திறக்கப்படும். தென்கிழக்குக் கரைக்கு அது வறட்சிக் காலம். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து மாதங்கள் பல கடந்திருக்கும். குளங்கள் சேறாகக் கிடக்கும். பாலைப்பழத்தை நாடிக் கரடிகள் திரியும் பருவமும் ஏறத்தாழ அதுவே. எல்லோரும் கரடியைப் பற்றியே பேசினார்கள். நானும் கரடிக்காகவே இரண்டாவது டோர்ச் லைட்டை எடுத்திருந்தேன்.

முதல் நாள் நண்பகலுக்குள் புதுச் சப்பாத்து இரு குதிகளிலும் கொப்புளம் எழுப்பிவிட்டது. சுடுமணலில் நடை தளர்ந்தது. எஞ்சியிருந்த ஒரு மிடறு நீரும் தீர்ந்தது. அப்பொழுதுதான் கண்டேன்: 17 கிலோப் பொதியில் தண்ணீருக்கென்று இருந்தது ஒரு லீற்றர்ப் போத்தல் ஒன்றே.

மரநிழலில் மட்டக்களப்புப் பக்கத்து மூதாட்டி ஒருவர் இருந்தார். அவரிடம் ஒரு துணி மூட்டை. அதற்குள் அரிசி, மாற்றுச் சீலை, சிறு பானை, படங்குத் துண்டு. பக்கத்தில் 5 லீற்றர்க் கான். என் முகத்தைப் பார்த்தவர், கேளாமலே கானைச் சரித்தார். குடித்து முடித்தபின் வெட்கம் வந்தது. அவருடைய பிற்பகலையல்லவா குடித்திருக்கிறேன்! கைம்மாறாகக் கம்பளியை நீட்டினேன்.

“இதையும் நான் சுமக்கவோ, தம்பி?” என்று சிரித்தார்.

காட்டில் எறிந்துவிட்டுப் போக மனமில்லை, அது முறையுமன்று. ஆகவே கம்பளி என்னுடனேயே கதிர்காமம் கண்டது.

அடுத்த ஆண்டு குவியலை வேறுவிதமாகப் பார்த்தேன். அரிசியும் பருப்பும் நாளுக்கு நாள் குறையும். தண்ணீர் லீற்றருக்கு ஒரு கிலோ என்று கனக்கும்; ஆனால் நடக்க நடக்க இறங்கிவிடும். அடுப்பும் கம்பளியும் முதல் நாள் எவ்வளவோ, கடைசி நாளும் அவ்வளவே. எனவே முதலில் 5 லீற்றர் நீருக்கு இடம் ஒதுக்கினேன். சேற்றுநீரை வடிக்க வெள்ளைத் துணி, கொதிக்கவைக்கப் பானை, வியர்வையில் கழியும் உப்பை ஈடுசெய்ய ஜீவனிப் பொட்டலங்கள். அவற்றுக்குப் பின்னரே மற்றவை. கால் பழகிய பழைய சப்பாத்து, மாற்றுக் காலுறை, ஒரு சாரம், ஒரு துவாய், நிலத்தில் விரிக்கப் படங்கு, மெல்லிய போர்வை, ஒரு டோர்ச் லைட், நெருப்புப்பெட்டி. றப்பர்ச் செருப்பைச் சிலர் மெச்சுவர். முள் அதன் அடியை ஊடுருவியதை நான் கண்ணால் கண்டேன். மருந்துப் பெட்டி ஓர் உறைக்குள் சுருங்கிற்று. தண்ணீரும் உணவும் நீங்கலாக 5 கிலோ.

நூல்கள்தாம் இடர் தந்தன. மூன்றையும் வெளியே வைத்தேன்; பின் ஒன்றை உள்ளே வைத்தேன்; மறுபடி எடுத்தேன். புறப்படும் நேரத்தில், அவற்றுள் மெலிந்த ஒன்று எப்படியோ போர்வை மடிப்புக்குள் புகுந்திருந்தது. ஆறு நாளில் நான்கு பக்கம் வாசித்தேன். வள்ளியம்மன் ஆற்றங்கரையில், அடுப்பு மூட்டப் பழங்கடதாசி உண்டோ என்று ஒருவர் கேட்டபோது, இல்லை என்று கூசாமல் சொன்னேன்.