குட்டி யானைக்கு வயதாகிறது

காட்டு யானையைக் காண வேண்டுமானால் முதுமலைக்குப் போக வேண்டும். கோயில் யானையைக் காண வேண்டுமானால் கோயிலுக்குப் போக வேண்டும். ஆனால் குட்டி யானையைக் காண எங்கும் போக வேண்டியதில்லை. வாசற்படியில் இரண்டு நிமிஷம் நின்றால் போதும். தக்காளிக் கூடைகளையோ, தண்ணீர்க் கேன்களையோ, யாரோ ஒருவருடைய கட்டிலையும் பீரோவையுமோ சுமந்துகொண்டு அது நம்மைக் கடந்து போகும்.

2005-ஆம் வருஷத்தில் டாட்டா கம்பெனியார் ‘ஏஸ்’ என்ற பெயருடன் இந்தச் சின்னஞ்சிறு சுமை வண்டியை வெளியிட்டார்கள். இரண்டே சிலிண்டர் கொண்ட 702 சி.சி. டீசல் எஞ்சின், 16 குதிரைச் சக்தி, சுமக்கும் பாரம் 750 கிலோ. லாரி நுழைய முடியாத சந்துகளில் அது நுழைந்தது. லாரி வாங்க முடியாதவர்களும் அதை வாங்கினார்கள். நம் ஜனங்கள் பார்த்த மாத்திரத்திலேயே அதற்குக் ‘குட்டி யானை’ என்று நாமகரணம் செய்துவிட்டார்கள். பிற்பாடு வேறு கம்பெனிகளும் இவ்வகை வண்டிகளைச் செய்தன. அவை எல்லாவற்றுக்கும் இதே பெயர்தான் நிலைத்தது.

அன்று பிறந்த குட்டிகளுக்கு இப்போது இருபது வயதாகிவிட்டது. முதல் முதலாளியிடமிருந்து இரண்டாமவரிடமும், அவரிடமிருந்து மூன்றாமவரிடமும் கைமாறி அவை இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. கிழ யானைகளாகிய இந்தக் குட்டி யானைகளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதத் தூண்டியது என் சொந்த வெட்கம்.

எங்கள் அண்டை வீட்டுக்காரர் ஒருவரிடம் இப்படி ஒரு பழைய வண்டி இருக்கிறது. கொல்லிமலையில் சோளக்காட்டுச் சந்தைக்குப் போய், வாழைத்தாரும் பலாவும் அன்னாசியும் ஏற்றிக்கொண்டு கீழே வந்து விற்பது அவருடைய ஜீவனம். ஒரு விடுமுறை நாளில் நானும் அவருடன் புறப்பட்டேன். மலை ஏறும்போது பேச்சுவாக்கில், எங்கள் பள்ளிக்கூடத்துக் கபடிக் கோஷ்டி பந்தயத்துக்குப் போக வேண்டியிருப்பதைச் சொன்னேன்.

“பதினாலு பிள்ளைங்கதானே, சார்? நம்ம வண்டியிலேயே போட்டுக்கிட்டுப் போயிடலாம். நீங்க டீசல் காசு குடுத்தாப் போதும்” என்றார்.

பஸ் செலவைக் காட்டிலும் அது மிகவும் குறைவு. நான் சந்தோஷமாகச் சம்மதித்தேன். இருபது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்திய ஓர் உபாத்தியாயர், பதினான்கு தாய்மார்களின் பிள்ளைகளை வாழைத்தாரோடு வாழைத்தாராக ஏற்றி அனுப்ப ஒரு கணங்கூட யோசியாமல் சம்மதித்தார். இதைத்தான் வெட்கம் என்று சொன்னேன்.

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. திரும்பி இறங்கும்போது வண்டியில் இருந்த பாரம் அனுமதிக்கப்பட்டதைப் போல் இரு மடங்குக்குக் குறையாது. டீசலை மிச்சப்படுத்துவதற்காக நண்பர் அடிக்கடி கியரை நியூட்ரலில் போட்டு, பிரேக்கை அழுத்தியபடியே இறங்கினார். பாதி மலை இறங்குவதற்குள் ஏதோ கருகுவது போன்ற நாற்றம் எழுந்தது. “எல்லா வண்டியிலேயும் வர்றதுதான், சார்” என்றார். அடுத்த வளைவில் அவர் பிரேக்கை மிதித்தார். பெடல் பஞ்சில் அமுங்குவது போல் அடித்தட்டு வரையில் போயிற்று. வண்டி நிற்கவில்லை.

அவர் கெட்டிக்காரர். இரண்டாவது கியருக்கும் பிறகு முதல் கியருக்கும் மாற்றி, கைப் பிரேக்கை இழுத்து, வண்டியை மலைப் பக்கத்துச் சுவரில் உராய விட்டு நிறுத்தினார். மறு பக்கம் பள்ளத்தாக்கு. சிறிது நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

மேலே நடந்ததுதான் விசித்திரம். அரை மணி நேரம் கழித்து அவர் பெடலை மிதித்துப் பார்த்தார். ஒன்றுமே நடவாதது போல் பிரேக் கெட்டியாகப் பிடித்தது! “பாத்தீங்களா சார், சரியாப் போச்சு!” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வற்புறுத்தி மறுநாளே பட்டறைக்கு அழைத்துப் போனேன்.

* * *

பட்டறை மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து காட்டினார். தேன் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டிய திரவம் காப்பி டிக்காக்ஷன் போல் கறுத்திருந்தது.

“எப்ப மாத்தினது, தம்பி?” என்று கேட்டார்.

“குறைஞ்சா ஊத்துவேண்ணே. மாத்தினதில்லை.”

மேஸ்திரி என்னைப் பார்த்துச் சொன்னார்: “சார், வண்டி ஓடலைன்னா அன்னிக்கே எங்கிட்ட வந்துடறாங்க. நிக்கலைன்னா மட்டும் வர்றதில்லை. வர்றதுக்குள்ளே வேறே எங்கேயாவது போய்ச் சேர்ந்துடறாங்க.”

பழைய வண்டிகளைப் பற்றி நான் அறிந்துகொள்ள வேண்டியதெல்லாம் இந்த ஒரு பேச்சில் அடங்கிவிட்டது. எஞ்சின் கெட்டால் அன்றைய வரும்படி நின்றுவிடுகிறது. ஆகையால் கடன் வாங்கியாவது அதைப் பழுது பார்க்கிறோம். பிரேக்கும் டயரும் ஸ்டீரிங்கும் பின் விளக்கும் அப்படியல்ல. அவை சிறிது சிறிதாகத் தேயும்போது வரும்படி ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை. ஓட வைப்பதற்குச் செலவு செய்கிறோம். நிறுத்துவதற்குச் செலவு செய்வதில்லை. கிழ வண்டியின் அபாயம் முழுவதும் இந்த இடத்திலேதான் இருக்கிறது.

பிரேக் ஏன் கைவிட்டது, பிறகு ஏன் திரும்பி வந்தது? பெடலை மிதிக்கும் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டு போவது பிரேக் ஆயில். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்ற பௌதிக சாஸ்திர உண்மையே அதற்கு ஆதாரம். ஆனால் அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சங் கொஞ்சமாக உறிஞ்சும் சுபாவமுள்ளது. ‘டாட் 3’ என்ற ரகத்தின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். சக்கரத்தின் உஷ்ணம் அதற்கு மேல் போனால் ஆயில் கொதித்து ஆவியாகிறது. ஆவியை அமுக்கினால் சுருங்கும். ஆகவேதான் பெடல் பஞ்சாயிற்று. ஆறியதும் ஆவி மறுபடியும் திரவமாயிற்று. பிரேக்கும் திரும்பி வந்தது. ‘சரியாப் போச்சு’ என்று நண்பர் சொன்னது, அடுத்த முறை வரையில்தான் சரி!

இந்த உஷ்ணம் எவ்வளவு என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பாரத்தோடு சேர்ந்து ஒன்றரை டன் எடையுள்ள ஒரு வண்டி ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து பிரேக்கின் பலத்தால் மட்டுமே இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அப்போது பிறக்கும் உஷ்ணத்தைச் சேர்த்துப் பிடித்தால், 50 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். நாலு சக்கரங்களில் உள்ளங்கை அகலத் துண்டுகள் இத்தனை சூட்டையும் தாங்க வேண்டியிருக்கிறது. மொத்த எடையை இரட்டித்தால் சூடும் இரட்டிக்கும்.

இதற்குப் பரிகாரம் மிகவும் எளிது. எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். அப்போது பாதி பாரத்தை எஞ்சினே பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் இறங்குவது தவறு. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது அதைவிடப் பெரிய தவறு. பெடலுக்கு உதவி செய்யும் வாக்குவம் எஞ்சின் ஓடினால்தான் உண்டாகிறது. அது நின்றால் இரண்டு மூன்று மிதிக்குள் பெடல் கல்லாகிவிடும். பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை முழுவதும் மாற்றிவிட வேண்டும். எங்கள் நண்பருக்கு அதற்கான செலவு ஏறக்குறைய ஒரு நல்ல வாழைத்தாரின் விலைதான் ஆயிற்று.

* * *

மேஸ்திரி அத்துடன் விடவில்லை. வண்டியின் கீழே படுத்து ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார்.

பின் ஸ்பிரிங்கில் கம்பெனி வைக்காத பட்டை ஒன்று கூடுதலாக இருந்தது. அதிகப் பாரம் ஏற்றுவதற்காகச் செய்யும் உபாயம் அது. பட்டை சேர்த்த பிறகு பாரம் ஏற்றினாலும் வண்டி தாழ்வதில்லை; ஆகவே பாரம் அதிகமில்லை என்று கண் நம்பிவிடுகிறது. ஆனால் ஸ்பிரிங்குக்குத்தான் பலம் கூடிற்றே தவிர, அச்சுக்கும் பிரேக்குக்கும் டயருக்கும் கூடவில்லை. முன்பெல்லாம் ‘போதும்’ என்று சொல்லிக்கொண்டிருந்த ஓர் அவயவத்தின் வாயை அடைத்துவிட்டோம், அவ்வளவுதான்.

டயர்களில் இரண்டு ரீட்ரெட் செய்யப்பட்டவை. மற்ற இரண்டில் கட்டை இன்னும் தேயவில்லை என்று நண்பர் பெருமைப்பட்டார். மேஸ்திரி டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கங்களைத் துடைத்துக் காட்டினார். முதல் இரண்டும் வாரம். பின் இரண்டும் வருஷம். 2314 என்றிருந்தால் அது 2014-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் பிறந்த டயர். ரப்பர் ஓடினால் மட்டும் தேய்வதில்லை. வெயிலில் நின்றாலும் மூப்படைகிறது. பக்கவாட்டில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றினால், கட்டை எவ்வளவு இருந்தாலும் அதை நம்பலாகாது. வாசகர்கள் தங்கள் வீட்டு ஸ்கூட்டரின் டயரிலும் இந்த இலக்கங்களைத் தேடிப் பார்க்கலாம்.

ஸ்டீரிங்கை இப்படியும் அப்படியும் அசைத்தபோது, சக்கரம் திரும்புவதற்கு முன்னால் கை நான்கு விரற்கடை தூரம் சும்மா போயிற்று. இணைப்பு மூட்டுகள் தேய்ந்திருப்பதன் அடையாளம் அது. இத்தகைய வண்டி நேர்ச் சாலையிலேயே ஆடி ஆடிப் போகும். அவசரத்தில் ஒடித்தால் எந்தப் பக்கம் போகும் என்று டிரைவருக்கே தெரியாது. பின் விளக்குகளில் ஒன்று எரியவில்லை. ஒயர் நன்றாகத்தான் இருந்தது. எர்த் பிடிக்கும் இடம் துருப்பிடித்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. அந்த ஐந்து நிமிஷத்தைச் செலவழியாமல் எத்தனை இரவுகள் அந்த வண்டி இருட்டில் இருட்டாகப் போயிருக்குமோ!

துருவுக்கு மீன் வண்டிகள் மேலும் இரையாகின்றன. ஐஸும் உப்பும் கலந்த நீர் ஓயாமல் சொட்டி, பெயிண்டுக்கு அடியிலேயே சேஸிஸை அரித்துவிடும். அங்கே சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் இரும்பு. சொத்தென்று கேட்டால் துரு.

எஞ்சினோ தன் குறையைப் புகையினாலேயே சொல்லிவிடும். கரும்புகை, டீசல் முழுவதும் எரியவில்லை என்பதன் அறிகுறி. நீலப் புகை, எஞ்சின் ஆயில் எரிகிறது என்பதன் அறிகுறி. சூடான பிறகும் வெண்புகை நில்லாமல் வந்தால் ரேடியேட்டர்த் தண்ணீர் உள்ளே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இவை பணத்துக்கு நஷ்டம். முன்னே சொன்னவை பிராணனுக்கு நஷ்டம்.

“இப்படி ஒரு வண்டிக்கு எஃப்.சி. எப்படிக் கிடைத்தது?” என்று கேட்டேன். சட்டப்படி சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரையில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும், அதற்கு மேல் வருஷத்துக்கு ஒரு முறையும் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும். மேஸ்திரி புன்னகை செய்தார். “அன்னிக்கு ஒரு நாள் எல்லா வண்டியும் மாப்பிள்ளைதான், சார். மறுநாள் இரவல் டயரைக் கழட்டிக் குடுத்துடுவாங்க” என்றார்.

* * *

இத்தனையும் கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு அந்தப் பதினான்கு பிள்ளைகளின் முகங்களே கண்முன் நின்றன. சரக்கு வண்டியின் முதுகில் பிடித்துக்கொள்ளப் பிடி கிடையாது. உட்கார ஆசனம் கிடையாது. எல்லாரும் நின்றால் பாரம் மேலே ஏறி, வளைவில் வண்டி சாயத் துணிந்துவிடும். வாழைத்தாரைக் கயிற்றால் கட்டுகிறோம். மனிதர்களை அதுவும் செய்வதில்லை. சட்டம் இதைத் தடுக்கிறது என்பது ஒருபுறமிருக்கட்டும். சரக்கு வண்டியில் சும்மா ஏறிச் செல்லும் பிரயாணிகளுக்காக நஷ்டஈடு தர இன்ஷூரன்ஸ் கம்பெனி கடமைப்பட்டதல்ல என்று 2002-ஆம் வருஷத்தில் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சரக்குக்குச் சொந்தக்காரர் அதனுடன் போனால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. காது குத்துக்குப் போகும் பாட்டிக்கும் பேத்திக்கும் அது இல்லை. இது எத்தனை குடும்பங்களுக்குத் தெரியும்?

கபடிக் கோஷ்டி பஸ்ஸில் போயிற்று. செலவை ஆசிரியர்கள் நாங்கள் பகிர்ந்துகொண்டோம். பிள்ளைகள் முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டு, பாடிக்கொண்டே திரும்பி வந்தார்கள். எனக்கு அது போதுமான வெற்றியாக இருந்தது.

அண்டை வீட்டு நண்பர் கூடுதல் பட்டையைக் கழற்றிவிட்டார். இரண்டு டயர்களை மாற்றினார். மற்ற இரண்டுக்கும் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறார். பாரம் குறைந்ததால் வரும்படியும் குறைந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. சென்ற மாதம் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு இருபத்தைந்து பேரை ஏற்றிப் போகக் கூப்பிட்டார்கள். “ஆள் ஏத்தறதில்லீங்க” என்று அவர் சொல்லிவிட்டார். அவர் வேண்டாமென்ற வாடகையை, பத்து நிமிஷத்தில் வேறொரு வண்டிக்காரர் ஏற்றுக்கொண்டார்.

ஆகையால் பொறுப்பை வண்டிக்காரரின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. பேரம் பேசிப் பாதி வாடகைக்கு இரண்டு மடங்கு பாரம் ஏற்றச் சொல்பவர்கள் நாம்தான். பீரோவுடன் தம்பியையும், பந்தல் சாமானுடன் பாட்டியையும் ஏற்றி விடுபவர்களும் நாம்தான். அடுத்த தடவை ஒரு குட்டி யானை உங்கள் வாசலில் வந்து நின்றால், வாடகையைக் கேட்பதற்கு முன்னால் அதை ஒரு முறை சுற்றி வாருங்கள். டயரின் இலக்கத்தைப் பாருங்கள். பின் விளக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். சாமானை மட்டும் ஏற்றுங்கள். மனிதர்கள் பஸ்ஸில் போகட்டும்.