ஒரு நோயாளி, ஒரே பதிவு!

சத்தீஸ்கரின் கனியாரி கிராமத்தில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் மருத்துவமனை இயங்குகிறது. அதற்காக உருவான இலவச மென்பொருள்தான் பாம்னி. டாக்டர், நர்ஸுகளுக்கு ஓப்பன்எம்ஆர்எஸ், ஆய்வகத்திற்கு ஓப்பன்எலிஸ், பில்லுக்கும் மருந்து இருப்புக்கும் ஓடூ என மூன்று புரோகிராம்கள் இதில் இணைந்துள்ளன. நோயாளியின் விவரத்தைப் பதிவு கவுண்ட்டரில் ஒருமுறை டைப் செய்தால் போதும்.

எங்கள் ஆமத்தூர் பக்கம் பட்டாசுத் தொழில் பகுதி. கடும் தீக்காயத்திற்கு 24 மணி நேரத்தில் ஏற்றும் திரவத்தில் பாதியை முதல் 8 மணி நேரத்திற்குள் ஏற்ற வேண்டும் என்கிறது பார்க்லாண்ட் சூத்திரம். அந்த 8 மணி நேரம், ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அல்ல, தீப்பட்டதிலிருந்து கணக்கு! இங்குள்ள சிறிய மருத்துவமனைக்கு இந்த மென்பொருளை நான் அமைத்தால், பதிவுப் படிவத்தில் 'தீப்பட்ட நேரம்' என்ற கட்டத்தைத்தான் முதலில் சேர்ப்பேன்.